‘ஐந்தாம் ஹென்றி’யைப் போர்ப்படமாக்க ஆலோசனை வேண்டும்

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் நாடகம் போட்டுவரும் நாங்கள் சிலர், ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யைத் தமிழில் போர்ப்படமாக எடுக்கத் திரைக்கதை எழுதி வருகிறோம். 1415 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த அஜின்கோர்ட் போரை மேடையில் முழுதாகக் காட்ட இயலாது என்பதால், நம் கூத்தின் கட்டியங்காரனைப் போன்ற ஒருவர் நாடகத்தில் வந்து, குதிரைகளை மனத்திலேயே கண்டுகொள்ளுமாறு பார்வையாளர்களை வேண்டுகிறார். கேமரா குதிரைகளையே காட்டிவிடும்போது அவருக்கு என்ன வேலை? 1944இல் இதே நாடகத்தைப் படமாக்கிய ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர், தம் படத்தை ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் நாடக அரங்கிலேயே தொடங்கி இச்சிக்கலைக் கடந்தார். ஆனால், கைதிகளைக் கொல்லுமாறு மன்னன் இடும் ஆணையை விட்டுவிட்டார். எங்களுக்கோ அதை விட மனமில்லை. கட்டியங்காரனை வைத்துக்கொள்வதா, அவருடைய சொற்களை ஒரு வில்வீரனிடம் கொடுத்துவிடுவதா? சேற்றில் சண்டைக்காட்சி எடுத்த அனுபவமுள்ளவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.