பைப் கேஸ் வந்தாச்சு, சிலிண்டரை ஒப்படைக்கலாமா?

மணலிக்காரன்:
எங்கள் குடியிருப்பில் போன வாரம் குழாய் எரிவாயு இணைப்பு கொடுத்துவிட்டார்கள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த குழாய், சின்ன மீட்டர், ஒரு வால்வு, அவ்வளவுதான். பால் பொங்குகிற நேரத்தில் சிலிண்டர் தீர்ந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற வேலை இனி இல்லை என்று மனைவிக்கு நிம்மதி. ஆனால் அம்மா சிலிண்டரை ஒப்படைக்கவே கூடாது என்கிறார். "கப்பல்ல வர்ற கேஸ்னு சொல்றாங்க, கப்பல் வரலைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் சண்டை 12 நாள் நடந்தபோது, வளைகுடாவிலிருந்து கப்பல்கள் வெளியே வரும் குறுகிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணையை மூடிவிடுவார்கள் என்று ஓயாமல் பேசினார்களே, அதிலிருந்து எனக்கும் இதே யோசனைதான். நம் நாட்டுக்கு வரும் எரிவாயுவை எவ்வளவு தூரம் நம்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழ்கடல்:
நான் எல்.என்.ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு ஏற்றும் கப்பலில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். நாம் பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டிலிருந்து வருவது. அந்தப் பாதி முழுக்கக் கப்பலில்தான் வருகிறது, ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து நமக்கு ஒரு எரிவாயுக் குழாய்கூடக் கிடையாது. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக ஒன்று, துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக இன்னொன்று என்று பல வருடமாகப் பேசினார்கள், நம் நாடு வரை எதுவும் வந்து சேரவில்லை.

கப்பலில் வருவது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய வாயு. சித்திரை வெயிலில் சரக்கு இறக்கும்போதுகூட இறக்கு குழாய்கள் மேல் வெள்ளை வெளேரென்று பனி உறைந்திருக்கும், கையுறை இல்லாமல் கிட்டே போக முடியாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டேங்க் எவ்வளவு நல்ல டேங்காக இருந்தாலும் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், அரிசி மூட்டை மாதிரி அடுக்கி வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் இந்த வாயுவை இறக்கும் எண்ணூர் முனையத்தில் இரண்டு டேங்க், ஒவ்வொன்றும் 1,80,000 கனமீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் ஒரே ஒரு பெரிய கப்பல் அதில் ஏறக்குறைய பாதியை நிரப்பிவிடும். கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக்கு அடியில் குடைந்து சேமிப்பு வைத்திருக்கிறோம். எரிவாயுவுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் நம்முடைய பெரிய ஓட்டை இதுதான்.

அப்புறம் கத்தார். 1999இல் போட்ட ஒப்பந்தப்படி 2004இலிருந்து குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்குச் சரக்கு வரத் தொடங்கியது, பின்னால் அது வருடத்துக்கு 75 லட்சம் டன் ஆனது. அந்த ஒப்பந்தம் 2028இல் முடிகிறது, 2024 பிப்ரவரியில் அதை 2048 வரை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர்ச் சரக்கு, நான்கைந்து நாளில் வந்துவிடும், நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கப்பல்கள் வெளியே வர ஹோர்முஸைத் தவிர வேறு வாசல் கிடையாது. அமெரிக்கச் சரக்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் வந்து சேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

மோர்பி தமிழன்:
ஆழ்கடல் அண்ணன் சொன்னது சரி, ஆனால் கடல் வழி திறந்தே இருந்தாலும் கேஸ் வராமல் போகலாம், அதை 2022இல் கண்ணால் பார்த்தோம். நான் இருப்பது குஜராத்தின் மோர்பி, டைல்ஸ் ஊர். ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்ததும் ஐரோப்பா என்ன விலை கொடுத்தும் வாங்கத் தயாரானது, நீண்ட கால ஒப்பந்தம் இல்லாமல் அவ்வப்போது வாங்கும் உடனடிச் சந்தையில் விலை தாறுமாறாக ஏறியது. இங்கே சூளைகள் பல புரொப்பேன் என்ற வேறு வாயுவுக்கு மாறின, சிலது மூடியே கிடந்தன.

ஒப்பந்தம் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலின் கதையைப் படிக்க வேண்டும். ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் சிங்கப்பூர்ப் பிரிவோடு 2012இல் 20 வருட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவின் தாய் நிறுவனம் ஜெர்மனியில் இருந்தது, அதை 2022 ஏப்ரலில் ஜெர்மன் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அதற்குப் பிறகு நமக்கு வர வேண்டிய கப்பல்கள் நின்றன. வழக்கு நடுவர் மன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் 28.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பணம் வந்தது சரி, கேஸ் வேண்டியிருந்த மாதங்களில் கேஸ் வரவில்லையே! பாகிஸ்தான் நிலைமை இன்னும் மோசம், அதே 2022 ஜூலையில் பத்துக் கப்பல் சரக்குக்கு டெண்டர் விட்டார்கள், ஒருவர்கூட விற்க முன்வரவில்லை.

நஞ்சை:
எல்லோரும் அடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் நாட்டில் எரிவாயுவை அதிகம் வாங்குவது உரத் தொழிற்சாலைகள். நம் நாட்டு யூரியா இன்று ஏறக்குறைய முழுதும் எரிவாயுவிலிருந்து வருவதுதான். மணலி உர ஆலை, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவிலிருந்து கேஸுக்கு மாறியதே 2019இல் எண்ணூர் முனையம் வந்த பிறகுதான். ரஷ்யக் கப்பல்கள் நின்றபோது கெயில் முதலில் கை வைத்ததில் உர ஆலைகளும் உண்டு. சம்பா நட்டு மேலுரம் போட வேண்டிய வாரத்தில் கூட்டுறவுச் சங்க வாசலில் ஆதார் அட்டையோடு நின்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன், அந்தப் பயிர் எனக்காகப் பத்து நாள் காத்திருக்காது. தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதலில் வெட்டு என்பதை அரசு இப்போதே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதில் உரம் கடைசியில் இருக்க வேண்டும்.

ஆழ்கடல்:
நஞ்சை சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மணலிக்காரன், உங்கள் கேள்விக்கு வருகிறேன். உள்நாட்டில் எடுக்கும் வாயுவை ஒதுக்கும்போது வீட்டுக் குழாய்க்கும் வண்டிகளுக்கான சி.என்.ஜிக்கும் முன்னுரிமை உண்டு, ஆனால் சி.என்.ஜி ஒதுக்கீட்டையே 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் குறைத்தார்கள். வீடுகளுக்கு வேண்டிய அளவு குறைவு, அதனால் கடைசியாகத்தான் கை வைப்பார்கள். அதே சமயம் சென்னைக் குழாயில் வருவது எண்ணூரில் இறங்கும் வாயு, ஒதுக்கீடு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, அங்கே கப்பல் வந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜியும் பாதிக்கு மேல் இறக்குமதிதான், பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து அதே ஹோர்முஸ் வழியாக வருகிறது. வீட்டில் நிரம்பிய சிலிண்டர் ஒன்று இருந்தால் ஒரு மாதம் ஓடும், அது உண்மையான பாதுகாப்பு. அதற்குப் பிறகு இரண்டும் ஒரே கடலை நம்பித்தான்.

மணலிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சிலிண்டரும் அதே வழியில்தான் வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பரணில் கிடக்கும் இண்டக்‌ஷன் அடுப்பை இறக்கித் துடைக்கச் சொன்னார். மின்சாரம் பெரும்பாலும் நம் நாட்டு நிலக்கரியில் ஓடுகிறது என்பதால் அதுவும் ஒரு வழிதான். சிலிண்டரை இப்போதைக்கு ஒப்படைக்கவில்லை. நஞ்சை ஐயா, உரம் பற்றி நான் யோசித்ததே இல்லை, எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அந்த ஆலையின் புகைபோக்கி தெரியும்.