டி5600-க்கு ஒரே ஒரு லென்ஸ்: 18-200ஆ, 17-50ஆ?

வெள்ளவத்தை வாசி:
பாவித்த நிக்கோன் டி5600 கமரா ஒன்று வாங்கினேன், பொடி மட்டும், லென்ஸ் இல்லை. இப்போதைக்கு ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது. புறக்கோட்டைத் தெருக்கள், காலிமுகத்திடல், ஆடிவேல் தேர், சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் எல்லாம் எடுக்க ஆசை. நிக்கோன் 18-200 மி.மீ., சிக்மா 17-50 மி.மீ. எஃப் 2.8 இரண்டு லென்ஸையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

கொட்டாஞ்சேனைக் கண்:
18-200தான். தேர் காலி வீதியால் வரும்போது அந்தச் சனத்துக்குள் நின்று லென்ஸ் மாற்ற முடியாது, நினைத்தபடி முன்னுக்குப் போகவும் முடியாது. 18-இல் தேர் முழுவதும் வரும், 200-இல் அலங்காரம் மட்டும் வரும். 17-50 கொண்டு போனால் முன்னால் நிற்பவரின் பிடரியைத்தான் எடுக்கலாம்.

மங்கல் வெளிச்சம்:
பகலில் சரி. இருட்டினால்? 200-இல் அந்த லென்ஸ் எஃப் 5.6; இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். சிக்மா எந்த நீளத்திலும் எஃப் 2.8, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600-இல் முடிகிற வேலைக்கு நீங்கள் 6400 வைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கண்:
கணக்கை நேர்மையாகப் போடுங்கோ அண்ணை. சிக்மாவுக்கு 200 என்று ஒன்றே இல்லை, 50-உடன் முடிகிறது. 18-இல் நான் சொன்ன லென்ஸும் எஃப் 3.5. அங்கே உங்களுக்கு ஒரு ஸ்டொப்கூட, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்கூட, லாபம் இல்லை. விஆர் என்ற அசைவுத் தடுப்பு வேறு இருக்கிறது.

மங்கல் வெளிச்சம்:
50-க்குக் கிட்டப் போனால் உங்கள் 18-200-உம் எஃப் 5 அளவுக்கு இறங்கிவிடும். கலியாண மண்டபத்தில் ஆட்களை எடுப்பது பெரும்பாலும் அந்த நீளத்தில்தான். விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். தாலி கட்டும் மாப்பிள்ளையின் கை அசைந்தால் அது என்ன செய்யும்? சிக்மாவிலும் அசைவுத் தடுப்பு உண்டு. இன்னொன்று, கிட்ட நிற்கும் ஒருவரை 18-200-இல் முழு சூம் வைத்து எடுத்தால் கோணம் விரிந்து, 200-க்கு உரிய நெருக்கம் கிடைக்காது. தூரத்துப் பொருளுக்குத்தான் அந்த எண் சரி.

பேர வாவி:
இரண்டு பேரும் சண்டை பிடிக்கிற இடைவெளியில் நிக்கோன் 18-140 ஒன்று கிடக்கிறது. 2013-இல் வந்தது, 490 கிராம்தான். அதை எடுத்துவிட்டு, பிறகு காசு சேரும்போது 35 எஃப் 1.8 சேர்த்துக்கொள்ளலாம். அது 200 கிராம், பொக்கெற்றில் போகும். ஆனால் தம்பி, கவனம்: டி5600 பொடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 50 எஃப் 1.8 டி மலிவாக வருகிறதென்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதற்கு அடையாளமாக, நிக்கோன் லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும். சிக்மாவில் எச்எஸ்எம்.

மங்கல் வெளிச்சம்:
அக்கா, அவர் கேட்டது ஒரு லென்ஸ். நீங்கள் இரண்டை விற்கிறீர்கள்.

பேர வாவி:
ஒன்றிலேயே எல்லாம் வேண்டுமென்று கேட்டால் எல்லாம் அரைகுறையாகத்தான் கிடைக்கும். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை எடுத்துப் பாருங்கள். டி5600-இல் 18 என்பது பழைய ஃபிலிம் கமராவின் 27 மாதிரி, அவ்வளவு அகலமாகப் பிடிக்காது. அந்த ஒடுக்கமான தெருவில் பின்னுக்குப் போகவும் இடமில்லை. அங்கே இந்த மூன்று லென்ஸும் ஒன்றுதான்.

வெள்ளவத்தை வாசி:
கலியாணம் கிட்ட வருகிறது, அதனால் மனம் 17-50 பக்கம் போகிறது. தேரைத் தள்ளி நின்று எடுக்க வேண்டியதுதான். பாவித்த லென்ஸில் என்ன பார்க்க வேண்டும்?

கொட்டாஞ்சேனைக் கண்:
தள்ளி நின்றால் 50-இல் தேர் தீப்பெட்டி அளவுதான் வரும், சொல்லிவிட்டேன். சரி, உங்கள் காசு. கடலோரக் காற்று, ஈரம், இரண்டும் லென்ஸுக்குச் சத்துரு. ரோர்ச் அடித்துப் பின்பக்கத்தால் பாருங்கோ. சிலந்தி வலை மாதிரிக் கோடு தெரிந்தால் பூஞ்சணம், விலை எவ்வளவு குறைந்தாலும் தொடவேண்டாம். மனம் மாறி 18-200 எடுத்தால் 2009-க்குப் பிறகு வந்ததாகப் பாருங்கோ. அதில் சூம் பூட்டு இருக்கிறது. முதலில் வந்தது கழுத்தில் தொங்கும்போது தானாகவே நீளும்.

மங்கல் வெளிச்சம்:
அந்தக் குறையையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு வேலை மிச்சம்.