அந்த 5.46-ஐ வச்சு யாரை ஏமாத்துதிய?

பொருநைக்கரை:
"ஒரே பொறியில ரெண்டு அயனியை வச்சே சூழல்சார்பை நிரூபிச்சாச்சு, பெல் சோதனைக்கு இனி சோலி இல்லை"ன்னு அயனிப்பொறி நேத்து எழுதியிருக்காரு. சூழல்சார்புன்னா, ஒரு அளவீட்டோட விடை முன்னாலயே எழுதி வச்சதில்ல, கூட எதை அளக்கோம்ங்கதையும் பொறுத்ததுங்குத பேச்சு; பெல் சோதனைன்னா, தூரத்துல பிரிச்சு வச்ச ரெண்டு துகளை அளந்து பாக்குதது. படிச்சதுல இருந்து கொதிக்கு. 2009-ல இன்ஸ்புரூக்ல கால்சியம்-40 அயனி ரெண்டுல பெரெஸ்–மெர்மின் சதுரத்தை அளந்தாங்க. மூணுக்கு மூணு, ஒம்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் விடை (+1 இல்லாட்டா -1) முன்னாலயே இருக்குன்னு வச்சா, வரிசை, நிரல் ஒவ்வொண்ணுலயும் விடைகளைப் பெருக்கி, கடைசி நிரலை மட்டும் கழிச்சு மத்ததைக் கூட்டினா, சராசரி 4-ஐத் தாண்டாது. குவாண்டம் கணக்குல 6. அளந்தது 5.46. அந்த எண்ணோட எனக்குச் சண்டை இல்லை. வரிசையில அளந்த கட்டமும் நிரல்ல அளந்த கட்டமும் அதே அளவீடுதான்னு யாரு உத்தரவாதம்? அதைச் சொல்லும்.

அயனிப்பொறி:
கருவிதான் உத்தரவாதம், அண்ணாச்சி. முதல் கட்டம்னா முதல் அயனியோட சிக்மா-இசட், அதாவது அது ரெண்டு நிலையில எதுல இருக்குங்குத அளவீடு. வரிசையில வந்தாலும் நிரல்ல வந்தாலும் அதே லேசர், அதே பல்ஸ். அடுத்து எதை அளக்கப் போறோம்னு அந்தப் பல்ஸுக்குத் தெரியாதுல்லா. அயனி ஒளிர்ந்தா ஒரு விடை, ஒளிராட்டா இன்னொண்ணு. எல்லா ஓட்டத்திலயும் விடை உண்டு, ஃபோட்டான் மாதிரி வழியில தொலையாது. பத்து வேற வேற நிலையில அளந்தும் 4-க்கு மேலதான். நீங்க தலையில தூக்கி வச்சிருக்க டெல்ஃப்ட் பெல் சோதனையில (2015) மொத்தமே 245 ஓட்டம். வரம்பு 2, வந்தது 2.42, பிழை 0.20.

பொருநைக்கரை:
245 ஓட்டம் கம்மின்னு போன மாசமே இழுத்திய, அப்பமே பதில் சொன்னேன். இப்பம் கேட்டதுக்கு வாங்க. 6 வராம 5.46-ல ஏன் நின்னுது? மூணாவது நிரல்ல மூணுமே ரெண்டு அயனியையும் சேத்து அளக்குத கூட்டு அளவீடு. மோல்மர்–சோரன்சன் கேட்டை (ரெண்டு அயனியையும் பிணைக்குத லேசர் செயல்) போட்டு விடையை ஒரு அயனிக்கு மாத்தணும், மத்ததை மறைச்சு வச்சிட்டு இதைப் படிக்கணும், பெறவு கேட்டைத் திருப்பிப் போடணும். ஆறு கேட் வரைக்கும் ஆவுது, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமாப் பிழை சேருது. அப்பம் முதல் அளவீடு ரெண்டாவதைக் கலைக்கத்தானே செய்யுது? நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைப் பாத்திருப்பிய. ஒரே கல்லுல செதுக்கினது, ஒண்ணைத் தட்டினா பக்கத்ததும் அதிரும். ஒரே பொறியில, ஒரே அதிர்வைப் பங்குபோடுத அயனி ரெண்டும் அப்படித்தான். டெல்ஃப்ட்ல 1.3 கி.மீ. இடைவெளி. ஒளி கடக்க 4.27 மைக்ரோவினாடி ஆவும். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, படிச்சும் முடிச்சாச்சு. ஒளியை மிஞ்சி எந்தச் செய்தியும் போகாது, அதனால அங்க "அதே அளவீடு"ன்னு சார்பியல் சொல்லுது. இங்க நீங்க சொல்லுதிய.

பாளை_வாத்தியார்:
ரெண்டும் ஒரே குடும்பம். பெல் சமனிலிகள் (பெல் சோதனையில தாண்டக் கூடாத வரம்புகள்) நிக்குததும், எல்லா விடைக்கும் சேர்த்து ஒரே நிகழ்தகவுக் கூட்டுப் பரவல் இருக்கதும் ஒண்ணுதான்னு 1982-லயே ஃபைன் காட்டியாச்சு. 2011-ல அப்ராம்ஸ்கியும் பிராண்டன்பர்கரும் இடம்சாராமையை, அதாவது பெல் சோதனை காட்டுததை, சூழல்சார்போட ஒரு வகையாவே எழுதினாங்க. ஆதியில கோக்கன்–ஸ்பெக்கருக்கு (1967) சூழல்சார்பைக் கணக்குல நிரூபிக்க 117 வெக்டர் வேண்டியிருந்தது. இப்பம் 18 போதும்.

சுடலை_17:
18 நாலு பரிமாணத்துல, வாத்தியாரே. 117 மூணு பரிமாணத்துல. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது. மூணுல பெரெஸுக்கு 33, கான்வே–கோக்கனுக்கு 31.

பாளை_வாத்தியார்:
பரிமாணம் தெரியாமலா எழுதுதேன்? 18 வெக்டர், 9 அடித்தளம் (ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா நாலு வெக்டர் சேந்தது ஒரு அடித்தளம்), ஒவ்வொரு வெக்டரும் ரெண்டு அடித்தளத்துல வரும். வெக்டருக்கு விடை 1 இல்லாட்டா 0; அடித்தளத்துக்கு ஒரு 1-ன்னா மொத்தம் ஒம்பது, ஒற்றைப்படை. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை வாரதால இரட்டைப்படையாத்தான் வரணும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். உமக்கு 31 தான் இனிக்குன்னா வச்சுக்கிடும்.

சுடலை_17:
பரிமாணத்தை எழுதாம விட்டது நீங்க. கேட்டா கோவம்.

அயனிப்பொறி:
தூண் கதைக்கு 2022-லயே பதில் இருக்கு. ஒரு அயனி இட்டெர்பியம்-171, இன்னொண்ணு பேரியம்-138. லேசர் அலைநீளமே வேற, ஒண்ணைப் படிக்கும்போது மத்ததுக்கு உறைக்காது. வரம்பு 2, வந்தது 2.526, பிழை 0.016. ஓட்டை அடைஞ்சாச்சு, அண்ணாச்சி.

பொருநைக்கரை:
வரம்பு 2-ன்னு நீரே எழுதிட்டீரே! அது பெல் சமனிலியோட சிஎச்எஸ்எச்ங்குத வடிவம்வே. ஒம்பது கட்டச் சதுரம் எங்க? எந்த நிலையிலயும் செல்லும்ங்கிற அந்தப் பெருமை எங்க? ரெண்டு அயனியும் பிணைஞ்ச பின்னல் நிலையை முதல்ல தயார் பண்ணினாத்தான் 2.526 வரும். பெல்லுக்கு இனி சோலி இல்லைன்னு சொன்னவரு, கடைசியில பெல்லோட கணக்கைத்தான் கடன் வாங்குதீரு.

அயனிப்பொறி:
வடிவம் அதேதான், அனுமானம் வேற. அங்க தூரம், இங்க ஒண்ணையொண்ணு கலைக்காத அளவீடு. அதையும் சோதிக்க வழி இருக்கு. அ, ஆ, மறுபடி அ-ன்னு அளக்கணும். முதல் அ-வும் கடைசி அ-வும் ஒத்துப்போனா ஆ கலைக்கலன்னு அர்த்தம்.

பொருநைக்கரை:
விடை ஒத்துப்போச்சுன்னா விடை அதேதான்னு ஆவும். அளவீடு அதேதான்னு எப்படி ஆவும்? அ, ஆ, அ-வுல ஆ-வை எடுத்துட்டு இ-யைப் போட்டா அந்த அ எந்த அ? மூணாந்தடவை கேக்கேன்.

பாளை_வாத்தியார்:
அது "இடம்சாராமை". நேத்து ஒருத்தர் "இடமின்மை"ன்னு எழுதியிருந்தாரு. இடமே இல்லைன்னு அர்த்தம் ஆயிரும், திருத்துங்க.

சுடலை_17:
117-ஐ முதல்ல நீங்க திருத்துங்க.

அயனிப்பொறி:
சதுரத்துல ஒரு கட்டத்தைக் காட்டுங்க, அண்ணாச்சி. எந்தக் கட்டத்துல பல்ஸ் மாறுது?

பொருநைக்கரை:
பல்ஸைக் கேக்கல. அளவீட்டைக் கேக்கேன்.