குலசை தசராவுக்கு மேளம் கேட்கப் போறோம், விவரம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல் பெருமாள்மலையில இருந்து எழுதுறேன். இந்த வருஷம் குலசை, அதாவது திருச்செந்தூர் பக்கம் இருக்கிற குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போகணும். ஒரு காலத்துல நையாண்டி மேளத்துல தவில் அடிச்சவர். இப்பவும் டிவியில மேளச் சத்தம் வந்தா வலது கை விரல் அஞ்சும் தொடையில ஓட ஆரம்பிச்சிடும்.

பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில மகிஷாசூர சம்ஹாரம், கூட்டம் லட்சக்கணக்குல சேரும்னு தெரியும். அந்த நெரிசல்ல எழுபது தாண்டினவரை நிறுத்த எனக்குத் தைரியம் இல்ல. எங்களுக்கு வேண்டியது மேளமும் பாட்டும்தான். காளி, குறத்தி, குரங்குன்னு வேஷம் கட்டி ஊர் ஊரா காணிக்கை பிரிக்கிற தசரா குழுக்களை எந்த ஊர்ல, எத்தனாவது நாள் போனா நிதானமாப் பார்க்கலாம்? உடன்குடி, திருச்செந்தூர்க்காரங்க சொல்லுங்க. வில்லுப்பாட்டு எங்கயாவது நடந்தா பக்கத்துல உட்கார விடுவாங்களா? குடத்து வாயில மட்டை விழுற அந்த ‘தும்’ சத்தத்தை ஸ்பீக்கர் இரைச்சல் இல்லாம கேட்கணும். இது என் ஆசை, பெரியப்பாவுக்குத் தவில் போதும்.

பழனிக்கு இறங்கி, பாலக்காடு–திருச்செந்தூர் ரயிலைப் பிடிக்கலாம்னு யோசனை. திருச்செந்தூர்ல தங்கினா குலசைல இருந்து ராத்திரி திரும்ப பஸ் இருக்குமா? ஆட்டோ எவ்வளவு கேட்பாங்க? ரூம் கீழ்த்தளத்துல, வெஸ்டர்ன் டாய்லெட்டோட வேணும், முழங்கால் வலி.

‘ஆன்லைன்ல தேடுங்க’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. போயிட்டு வந்தவங்க சொல்றதுதான் வேணும்.