பார்வை போன 12 வயது லேப்ரடார்: வழுக்கும் டைல்ஸ், சம்ப், கிணறு இருக்கும் வீட்டில் என்னென்ன மாற்றணும்?

கொல்லைப்புறம்:
வணக்கம். எங்க லேப்ரடாருக்கு 12 வயசு, 31 கிலோ. விழித்திரை தேய்ஞ்சு ரெண்டு கண்ணும் தெரியலைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷனால பலன் இல்லை, இப்போதைக்கு வலியும் இல்லையாம். காது நல்லா கேட்குது. பின்னங்கால்ல மூட்டுத் தேய்மானம் இருக்கு.

தனி வீடு. ஹால் முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ், மாடிப்படி ஹாலுக்குள்ளயே. வாசல்ல தலா அரை அடி உயரத்துல மூணு படி. போர்ட்டிகோவில் காரும் சம்ப்பும். பின்னாடி கிணறு, கைப்பிடிச் சுவர் ஒன்றரை அடிதான். சுத்தி அரளி, எலுமிச்சை, போகன்வில்லா.

வாசல் படிக்குச் சாய்தளம் போடலாமா? அறைக்கு அறை அடையாளம் தெரிய யூகலிப்டஸ் தைலம் தடவலாம்னு ஒருத்தர் சொன்னார், சரியா? எதை முதல்ல செய்யணும்?

கொத்தனார்கரண்டி:
முதல்ல உயிருக்கு ஆபத்தானது: கிணறு, சம்ப், மாடிப்படி. மெத்தை, பாய் எல்லாம் அப்புறம்.

கிணறு: ஒன்றரை அடிச் சுவர் லேப்ரடாரோட நெஞ்சு உயரம்தான். மோப்பம் பிடிக்க முன்னங்காலைத் தூக்கி வச்சா பாரம் உள்பக்கம் சாய்ஞ்சிடும். சுவரை உயர்த்துறதைவிட வாய் முழுக்க இரும்புக் கிரில் மூடி போடுறது நல்லது. ரெண்டு பாதியா, நடுவுல கீல் வச்சு, பூட்டுற மாதிரி செய்யச் சொல்லுங்க. கம்பி இடைவெளி ரெண்டு அங்குலம் இருந்தா பாதம் மாட்டிக்கும். அதனால மேல ஒரு அங்குல வெல்டு மெஷ் வச்சுப் பத்த வைக்கணும்.

சம்ப்: மூடியை ஓரத்துல ஒரு பெரியவர் மிதிச்சுப் பாருங்க. துருப்பிடிச்ச தகடு நடுவுல தாங்கும், ஓரத்துல உள்ளே போயிடும். அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணி லாரி வர்ற நேரம். மூடி திறந்திருக்கும், கேட்டும் திறந்திருக்கும், வீட்டுல எல்லாரும் குழாய்கிட்ட நிப்பாங்க. நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தின பிறகுதான் மூடியைத் தூக்கணும். இது வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், தண்ணி பிடிக்க வர்ற ஆளுக்கும் சேர்த்து.

மாடிப்படி: கீழேயும் மேலேயும் தடுப்புக் கதவு, 75 செ.மீ. உயரம் போதும். சுவரை அழுத்தி நிக்கிற வகை கீழே மட்டும் சரி. 31 கிலோ சாய்ஞ்சா அது பிடுங்கிக்கும். மேல் படியில பிடுங்கினா கதவோட சேர்ந்து உருளும். அதனால மேலே சுவர்ல துளை போட்டு ஸ்க்ரூ அடிங்க.

நாலுகால்:
தரையைப் பற்றிச் சொல்கிறேன். பார்வை இல்லாத நாய்க்கு வீட்டின் வரைபடம் பாதத்தில்தான் இருக்கிறது. வழவழப்பான டைல்ஸில் எந்த இடமும் ஒரே மாதிரி இருக்கும். வழுக்கவும் செய்யும். மூட்டுவலி உள்ள நாய் இரண்டு முறை வழுக்கினால் நடப்பதையே குறைத்துவிடும். நடை குறைந்தால் பின்னங்கால் தசை கரையும், இன்னும் அதிகம் வழுக்கும்.

படுக்கை, தண்ணீர், வாசல் மூன்றையும் இணைத்து இரண்டரை அடி அகலத்தில் ஒரே பாதை போடுங்கள். அடியில் ரப்பர் உள்ள நீள விரிப்பு நல்லது. யோகா மேட்டும் ஆகும், ஆனால் அதன் ஓரம் சுருண்டு கால் தடுக்கும். நான்கு பக்கமும் டபுள் சைடு டேப் ஒட்டுங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பாத்ரூம் மேட் வேண்டாம், நகம் மாட்டும். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியை மாதம் ஒரு முறை கத்தரித்தாலே வழுக்கல் நன்றாகக் குறையும்.

தென்னை நார் மிதியடியைப் பாதைக்குப் பயன்படுத்தாதீர்கள். அது "நில்" என்று சொல்லும் இடங்களுக்கு மட்டும்: படிக்கு மேலும் கீழும், வாசல் நிலைக்கு முன். முன்னங்கால் சொரசொரப்பை உணர்ந்த பிறகு உடம்பை நிறுத்த ஒரு காலடி தூரமாவது வேண்டும். எனவே குறைந்தது இரண்டு அடி ஆழம், படியின் முழு அகலத்துக்கும் இருக்கட்டும். வீடு முழுக்க அதையே போட்டால் அர்த்தம் போய்விடும்.

பிறகு தரையில் முழங்காலிட்டு, அதன் கண் உயரத்தில், ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை, வீட்டைச் சுற்றிப் பாருங்கள். டிவி மேசை முனை, இழுப்பறைக் கைப்பிடி, சைக்கிள் பெடல் எல்லாம் அப்போதுதான் தெரியும். ஏசி செப்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஃபோம் குழாயை நீளவாக்கில் கீறி மேசைக் கால்களிலும் முனைகளிலும் மாட்டலாம். கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் சாத்தியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராகக் கண்ணில் இடிக்கும். காந்த ஸ்டாப்பர் மாட்டுங்கள்.

மருந்துப்பெட்டி:
யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம், அந்துருண்டை எல்லாம் நாய்க்கு விஷம். பாதத்துல பட்டு நக்கினாலே உள்ளே போயிடும். சமையலறை, பூஜையறை, உங்க படுக்கை எல்லாத்துக்கும் ஏற்கெனவே தனித்தனி வாசனை இருக்கு, அது நாய்க்கு நல்லாவே தெரியும். வேணும்னா நாக்குக்கு எட்டாத மாதிரி வாசல் மிதியடிக்கு அடியில துணியில ஒரு சொட்டு வெனிலா எசென்ஸ். அந்த ஒரு இடம் போதும்.

கண்ணைப் பத்தி ஒண்ணு. இப்ப வலி இல்லைன்னா எப்பவும் வராதுன்னு இல்லை. விழித்திரை தேய்ஞ்ச நாய்களுக்குப் பின்னாடி கண்புரை வர்றது சகஜம். புரை முத்தினா கண்ணுக்குள்ள அழற்சி, அதுலேர்ந்து கண் அழுத்தம் வரலாம். கண் சிவக்கிறது, கருவிழி நீலம் பூத்த மாதிரி மங்குறது, கண் பெருக்கிறது, தலையைச் சுவர்ல தேய்க்கிறது, காரணமில்லாம சாப்பாட்டை ஒதுக்குறது. இதுல எது வந்தாலும் அன்னைக்கே டாக்டர்.

கிளை எதிர்ல வந்தா இமை மூடாது, அதனால கருவிழியில கீறல் விழும். அப்போ மெடிக்கல்ல நமக்கு வாங்கின சொட்டு மருந்தை ஊத்தாதீங்க. ஸ்டீராய்டு இருந்தா புண் ஆழமாயிடும்.

கழுத்துப் பட்டையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அது கண்ணுக்குள்ள அழுத்தத்தைக் கூட்டும். நெஞ்சுக்குக் குறுக்கே வர்ற ஹார்னஸ் வாங்குங்க. தூங்கும்போது தொடுறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிடுங்க. திடுக்கிட்டுக் கடிச்சா அது கோபம் இல்லை, பயம். குழந்தைகளுக்கும் சொல்லி வைங்க.

வேலியோரம்:
அரளியை வேரோட எடுத்திடுங்க. இலை, பூ, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்குற விஷம். காய்ஞ்ச இலைக்கும் அதே விஷம்தான், அதனால வெட்டிப் போட்டதைத் தோட்டத்துல விடாதீங்க, எரிக்கவும் எரிக்காதீங்க. எருக்கு இருந்தா அதுவும் போகட்டும், அந்தப் பால் கண்ணுல பட்டா கருவிழி புண்ணாகும். எலுமிச்சை, போகன்வில்லாவை வெட்ட வேண்டாம், தரையிலிருந்து மூணு அடி வரைக்கும் கிளையைக் கழிச்சா போதும். மரத்தைச் சுத்தி இரண்டடி அகலத்துக்குக் கூழாங்கல் பரப்புங்க. கால் பட்டதும் நின்னுடும். கூர்மையான ஜல்லி வேண்டாம்.

செங்கல் குவியல், பழைய ஓடு, விறகு எல்லாத்தையும் அப்புறப்படுத்துங்க, புல்லை ஒட்ட வெட்டுங்க. பாம்பு இருக்கிறது தெரியாம நாய் நேரா மூக்கை நீட்டும்.

காருக்கு அடியில நிழலுக்குப் படுக்கிற பழக்கம் பார்வை போனாலும் போகாது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருங்க. ஹாரனை நம்பாதீங்க, பயந்து எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாது.

கொல்லைப்புறம்:
எல்லாருக்கும் நன்றி. கிரிலுக்கு ஆள் வரச் சொல்லியாச்சு, அரளி நாளைக்கு. சாய்தளம் பத்தி யாரும் சொல்லலையே?

கொத்தனார்கரண்டி:
போடலாம், ஆனா கடையில கிடைக்கிற மூணடிப் பலகை வேண்டாம். உங்களுக்கு மொத்த உயரம் 45 செ.மீ. ஆறு அடி நீளம் போட்டா சரிவு சுமார் 15 டிகிரி, மூட்டுவலிக்கு அது சரி. மூணு அடி போட்டா 30 டிகிரி தொடும், இறங்கும்போது முன்னங்கால் தாங்காது. 18 மி.மீ. பிளைவுட், இரண்டடி அகலம், அடியில நடுவுல ஒரு முட்டு. ரெண்டு ஓரத்துலயும் நாலு அங்குலச் சட்டம் கட்டாயம், அதில்லாம பக்கவாட்டுல கால் இறங்கிடும். மேல ரப்பர் மேட் ஒட்டுங்க. மேல்முனையை எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புத் துண்டு) வச்சுப் படியோட முடுக்குங்க, பாதி பேர் இதை விட்டுட்டு, நாய் ஏறும்போது பலகை பின்னாடி நழுவி விழுந்து, அப்புறம் அது சாய்தளத்துப் பக்கமே வராது.

நாலுகால்:
பழக்குவது இப்படி: முதல் இரண்டு நாள் பலகையைத் தரையிலேயே கிடத்தி, மேலே நடக்க வைத்துத் தின்பண்டம் கொடுங்கள். பிறகு ஒரு முனைக்கு அடியில் ஒரு செங்கல், அடுத்து இரண்டு, கடைசியில் படி. ஏறும்போது "ஏறு", இறங்கும்போது "இறங்கு", முடியும் இடத்தில் "தரை". வீட்டில் எல்லோரும் இதே சொற்களைச் சொல்ல வேண்டும். இறங்கத்தான் பயப்படும், அப்போது ஹார்னஸ் பிடியைத் தளர்வாகப் பிடித்து, இன்னொரு கையை நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடாதீர்கள். எங்கே நிற்கிறோம் என்பதே அதற்குத் தெரியாமல் போகும். தூக்கியே ஆகவேண்டும் என்றால், தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் இறக்குங்கள். அங்கிருந்து மற்ற இடங்களுக்கு அது தானாகவே வழி பிடித்துவிடும்.