இத்தாலி குரூப் டூர்: வழியில் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

ஜன்னல்சீட்டு:

கொலோசியம் எவ்வளவு பெரிது, பைசா கோபுரம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் கேட்பது வேறு. குரூப்போடு போனவர்கள், வழியில் பார்த்த யாராவது ஒருவரைப் பற்றி எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

போன செப்டம்பரில் ஒன்பது நாள் டூர். ரோமில் ஆரம்பித்து ஓர்வியேத்தோ, சியேனா, ஃப்ளாரன்ஸ், கடைசியாக வெனிஸ். 34 பேர், ஒரே பஸ், ஒரே டிரைவர். அந்த டிரைவர் ஐந்து நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் தலையாட்டுவார், மாலையில் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

ஃப்ளாரன்ஸிலிருந்து வெனிஸ் போகிற அன்று, மலையைத் தாண்டும் நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து. இரண்டு மணி நேரம் பஸ் ஊர்ந்தது. மாலை படகுக்கு நேரமாகிவிட்டதே என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மனுஷன் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனுக்குள் வண்டியைத் திருப்பி, எஞ்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "45 நிமிடம்" என்றார். பஸ்ஸே கொதித்துப்போனது. "இவர் காபி குடிக்கணும்னா நாம படகை விடணுமா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

அவர் கோபப்படவில்லை. டேஷ்போர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். நம் ஊர் கண்டக்டர் மெஷினில் டிக்கெட் வருவதுபோல நீளமாக ஒரு தாள் வெளியே வந்தது. எத்தனை மணிக்கு ஓட்டத் தொடங்கினார், எங்கே நின்றார் எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம், ஐரோப்பா முழுக்க இதுதான் சட்டம், போலீஸ் மறித்தால் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள் என்று கைடு விளக்கினார்.

எங்கள் குரூப்பில் ஒரு பெரியவர் இருந்தார். 31 வருடம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், மகன் அனுப்பி வைத்த டூர். அவர் எழுந்து போய் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே வந்தார், ஒரு எழுத்து புரியாவிட்டாலும். பிறகு கைடிடம், "நைட் டூட்டிக்கும் இதே கணக்கா, கேளும்மா" என்றார். பதில் வந்ததும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் நான் பார்த்தது, இரண்டு பேரும் பஸ் படிக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். கிளட்ச் மிதித்து மிதித்துப் போன கால். அவர் சிரித்துவிட்டுத் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பை நிறைய அத்திப்பழம் எடுத்தார். முதல் பழம் பெரியவருக்கு, பிறகு பை எங்களிடம் வந்தது.

படகை விட்டுவிட்டோம். அடுத்த படகு கிடைத்தது.

நடராஜாசர்வீஸ்:

முழங்கால் என்றதும் நானும் வந்துவிட்டேன். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், அங்கே எல்லாம் நடைதான். பழைய ஊர்களின் மையத்துக்குள் வெளி வண்டிகளை விடமாட்டார்கள், டூர் பஸ் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுப் போய்விடும். இதை டூர் தாளில் "இதமான நடை" என்று போட்டிருந்தார்கள். அதை எழுதியவரை அந்தக் கருங்கல் தெருக்களில் ஒருநாள் நடக்கவிட வேண்டும்.

ஓர்வியேத்தோவில் ஒரு கிணறு இருக்கிறது, புனித பாட்ரிக் கிணறு என்பார்கள். 1527-இல் ரோமைப் படைகள் சூறையாடியபோது ஏழாம் கிளெமென்ட் போப் தப்பி இந்த ஊருக்கு வந்தார். பாறை உச்சியில் ஊர், முற்றுகை போட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று தோண்டச் சொன்னார். முடிந்தது 1537-இல், அவர் 1534-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆழம் 53 மீட்டர், 248 படி. விசேஷம் என்னவென்றால் இறங்க ஒரு சுழல் பாதை, ஏற இன்னொரு சுழல் பாதை, ஒன்றை ஒன்று தொடாது. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் நடுவழியில் முட்டிக்கொள்ளக் கூடாதல்லவா. அடியில் மட்டும் ஒரு சிறு பாலம் இரண்டையும் சேர்க்கிறது.

பாதி இறங்கியதும் என் கால் "போதும்" என்றது. சுவரில் வரிசையாக சன்னல்கள், ஒன்றில் உட்கார்ந்தேன். என் மனைவி நில்லாமல் போய்விட்டாள். சரி, அவள் இப்படி ஏறி வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தால், எதிர்ச் சன்னலில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. அவரும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் ஏறுகிற பாதையில். எங்கள் நடுவில் கிணறு. அவர் தன் காலைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார், நான் என் காலைக் காட்டினேன். அவர் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்றை நீட்டினார். இடையில் அத்தனை அகலம்! இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கிணறு முழுக்க எதிரொலித்தது. கீழேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அங்க யார்கிட்டங்க பேசறீங்க?"

மேலே வந்து தேடினேன். அவர் பஸ் போய்விட்டது போல.

வழிதவறியவன்:

ரோமில் காதில் மாட்டும் கருவி கொடுப்பார்களே, கைடு பேசுவது அதில் கேட்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் கரகரவென்று தேய்ந்து நின்றுவிடும். பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலின் குவிமாடத்து ஓட்டை வழியாக மழை உள்ளே விழுவதை வேடிக்கை பார்த்து நின்றுவிட்டேன். தரையில் சின்னச் சின்னத் துளைகள் வழியாக அந்தத் தண்ணீர் வடிகிறது, அதைக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் காதில் ஸ்பானிஷ்! கைடின் நீலக் குடைக்குப் பதில் வேறொரு நீலக் குடை.

வெளியே மழையில் குடை விற்ற பையன்தான் காப்பாற்றினான். வங்காளதேசத்துப் பையன். எனக்குத் தெரிந்த பத்து ஹிந்தி வார்த்தைகளும் அவனுக்குத் தெரிந்திருந்தன. மழை விட்டதும் தெருமுனையில் எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்க்குக் கூட்டிப் போனான். அதன் வாயை விரலால் அடைத்துக் காட்டினான், வளைவின் மேலே இருக்கும் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது, குனியாமல் குடிக்கலாம். ஊர் முழுக்க இந்தக் குழாய்கள், தண்ணீர் ஜில்லென்று நன்றாக இருக்கிறது. நான் இரண்டு நாளாக ஒரு பாட்டில் இரண்டு யூரோ கொடுத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். கைடு ஏன் சொல்லவில்லை என்பது கைடுக்கே வெளிச்சம். குடை ஒன்று வாங்கினேன், வேறென்ன செய்வது.

சைவப்பட்சி:

நான் போனது டஸ்கனி கிராமப்பக்கம். மோன்டெபுல்சியானோ அருகில் ஒரு பண்ணை வீட்டில் இரண்டு இரவு தங்கல். வீட்டுக்கார அம்மாவே சமையல். இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்றதும், "சரி, பாலாடைக்கட்டி" என்று ஆட்டுப்பால் கட்டியை அறுத்து வைத்தார். அதை உறையவைக்க ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்ததைச் சேர்ப்பார்கள் என்று படித்திருந்தேன். (பார்மிஜானோ சீஸும் அப்படித்தான், அதில் கன்றுக்குட்டி. பாஸ்தா மேல் தூவுமுன் தடுத்துவிடுங்கள்.) அதுவும் வேண்டாம் என்றதும் அந்த அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலியப் பாதிரியார், நம்மவர்கள் தத்துவ போதகர் என்று சொல்வோமே, அவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் இந்த மோன்டெபுல்சியானோதான். 1606-இல் மதுரைக்கு வந்தவர். காவி கட்டி, மரச்செருப்பு போட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, மாமிசத்தையே விட்டவர். "உங்க ஊர்க்காரர் ஒருத்தர் எங்க ஊருக்கு வந்து 400 வருஷத்துக்கு முன்னாலேயே சைவமாயிட்டார்" என்று கைடை மொழிபெயர்க்கச் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. உள்ளே திரும்பிக் கணவரைக் கத்திக் கூப்பிட்டார். அவரும் வந்து நின்று முழுக் கதையையும் கேட்டார். கடைசியில் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "வேறு என்னதான் சாப்பிட்டார்?"

மறுநாள் இரவு எனக்கென்று தனிப் பானை. பீன்ஸும் கரும்பச்சைக் கீரையும் பழைய ரொட்டியும் போட்டுக் காய்ச்சிய ரிபோல்லிதா, சீஸ் இல்லாமல். டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது, வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். நான் பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்து, அவர்கள் வீட்டு ஆலிவ் எண்ணெயில் குழைத்து ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டேன். கணவர் ஒரு துண்டு தொட்டுப் பார்த்தார். இன்னொரு துண்டு. மூன்றாவது துண்டுக்கு அந்த அம்மா கையைத் தட்டிவிட்டுத் தான் தொட்டுக்கொண்டார்.

ஜன்னல்சீட்டு:

பொடியைக் கொடுத்துவிட்டு வந்தீர்களா இல்லையா?

சைவப்பட்சி:

பாட்டிலோடு. மிச்சம் நாலு நாள் உப்பில்லாத ரொட்டியை ஊறுகாயோடு ஓட்டினேன்.