ஸ்டெல்வியோ கணவாயை மே மாத மிதிவண்டிப் பந்தயத்தில் சேர்ப்பது நியாயமா?

நெடுவழி: இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயின் அழகை நான் மறுக்கவில்லை. பிராத்தோ ஊரிலிருந்து ஏறும் சுமார் 24 கிலோமீட்டர் சாலையில் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எதிரே ஓர்ட்லர் மலையின் பனியாறுகள் தெரிகின்றன. ஆனால் 2,757 மீட்டர் உயரத்தில் மே மாதம் குளிர்காலத்தின் தொடர்ச்சியே. இத்தாலியில் மூன்று வாரம் நடக்கும் ஜிரோ மிதிவண்டிப் பந்தயத்தில், 2013இல் இந்தக் கணவாயைக் கடக்க வேண்டிய நாளின் ஓட்டமே பனியால் ரத்தானது. 2024இல் பனிச்சரிவு அபாயத்தால் கணவாய் பாதையிலிருந்து நீக்கப்பட்டது. நடக்குமா என்றே உறுதியில்லாத ஏற்றத்தை நம்பி மூன்று வாரப் பந்தயத்தை வகுப்பது வீரர்களுக்கு இழைக்கும் அநீதி.

குறிஞ்சி: உங்கள் கவலை புரிகிறது, நண்பரே, முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. 1953இல் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்த இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கோப்பி, இந்த ஏற்றத்தில்தான் முன்னிலையில் இருந்த ஹூகோ கோப்லெட்டை உதறிவிட்டு முன்னேறித் தமது ஐந்தாவது பட்டத்தை வென்றார். பந்தயத்தின் மிக உயரமான இடத்தை முதலில் கடப்பவருக்கு அவர் பெயரிலேயே பரிசு தருகிறார்கள். இரண்டு ஆண்டுகள் தடைப்பட்டதற்காக இத்தகைய மலையைக் கைவிடலாமா?

நெடுவழி: கோப்பி ஏறியது ஜூன் 1ஆம் நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2014 மே 27 அன்று நடந்ததைப் பாருங்கள். உச்சியில் பனி கொட்டியது. இறக்கத்தில் சிவப்புக் கொடியுடன் மோட்டார் சைக்கிள்கள் முன்செல்லும் என்று பந்தய வானொலியில் வந்த அறிவிப்பைச் சில அணிகள் போட்டி நிறுத்தமாகவே புரிந்துகொண்டன. நைரோ கின்டானா முன்னே சென்றுவிட, முன்னிலை வகிப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்த ரிகோபெர்த்தோ உரான் அன்று மட்டும் 4 நிமிடம் 11 விநாடியை இழந்தார். விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியாத நிலையில் இறங்குபவர்களிடம் அதைத் திறமைப் போட்டி என்று எப்படிச் சொல்வது?

குறிஞ்சி: அது அறிவிப்பின் குழப்பம், மலையின் குற்றமன்று. அதன்பின் மோன்டே கிராப்பா மலையில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிட்ட ஓட்டத்திலும் கின்டானாவே வென்றார் என்பதை மறக்க வேண்டாம்.

வெண்முகில்: நீங்கள் இருவரும் சொல்லும் ஆபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான் இருக்கிறது. ஏறும்போது உடல் சூடாக இருக்கும். வியர்வையில் நனைந்த உடலோடு வேகமாக இறங்கும்போதுதான் குளிர் எலும்புவரை ஏறும். சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு இறங்கும் பழைய வழக்கமே அதனால் வந்தது. 2012 மே மாதத்தில் தாமஸ் டி கென்ட் வென்ற நாளில் செய்ததுபோல் உச்சியிலேயே ஓட்டத்தை முடித்தால் என்ன?

நெடுவழி: இறக்கத்தைப் பொறுத்தவரை அது நல்ல யோசனைதான். பனிச்சரிவுக்கு அது விடையாகாது. 2024இல் தடுத்தது பனிச்சரிவு அபாயமே.

குறிஞ்சி: அதற்குத்தான் மாற்றுப்பாதையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கிறேன். சாலை திறந்திருக்கும் ஆண்டில் பிராத்தோ பக்கமாகவே ஏறி உச்சியில் முடியட்டும். அடைபட்டிருந்தால், வீரர்கள் புறப்படும் காலையில் பேரம் பேச வேண்டிய நிலை வராமல், அறிவித்த பாதையில் ஓடட்டும்.